மாற்று மெஷின் மலையேறி வருவதற்குள்

ஊட்டியில் ராஜ்பவன் என்றே நாம் சொல்லிப் பழகிய ஆளுநர் மாளிகையைக் கடந்து போகும்போது யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்: "இவருக்கு நாம எப்ப ஓட்டுப் போட்டோம்?" போடவே இல்லை. அரசியலமைப்பின் 155ஆவது பிரிவுப்படி ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது முடிந்திருக்க வேண்டும். தகுதி அவ்வளவுதான்.

ஆனால் நாமும் ஓட்டுப் போட்டிருக்க வேண்டியவர்கள்தான், மயிரிழையில் தப்பியது. 1947இல் படேல் தலைமையில் இருந்த மாகாண அரசியலமைப்புக் குழு, வயது வந்த எல்லோரும் நேரடியாக வாக்களித்து ஆளுநரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் பரிந்துரைத்தது. 1948 வரைவில் அதோடு இன்னொரு வழியும் சேர்ந்தது: சட்டமன்றம் 4 பேர் பட்டியல் கொடுக்கும், அதில் ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். 1949 மே மாதக் கடைசியில் இரண்டையும் தள்ளிவிட்டு நேரடி நியமனத்துக்குப் போய்விட்டார்கள். மக்கள் ஓட்டில் வந்த ஆளுநரும் மக்கள் ஓட்டில் வந்த முதல்வரும் முட்டிக்கொண்டால் யார் பேச்சு எடுபடும் என்ற கவலை நியாயமானதுதான். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் இன்றைக்கும் மாகாண ஆளுநரை மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்கு மாநில ஆட்சியைத் தீர்மானிக்கும் ஓட்டு சட்டமன்ற ஓட்டு ஒன்றுதான். நீலகிரியில் அது மூன்று தொகுதி: 108 உதகமண்டலம், 109 கூடலூர் (தனி), 110 குன்னூர். பழனிமலைப் பக்கம் கொடைக்கானல்காரர்களின் ஓட்டு பழனித் தொகுதியில் சேரும்.

இந்தப் பதிவு அந்த ஓட்டு விழும் பூத்தைப் பற்றி. முதல்முறை தேர்தல் பணிக்கு வரும் ஆசிரியர்களுக்கும், பூத்தில் வேட்பாளரின் ஏஜென்டாக உட்காரப் போகிறவர்களுக்கும். பயிற்சி வகுப்பில் சொல்வதெல்லாம் சமவெளிக்கும் மலைக்கும் பொது. மலைக்கென்று வேறாக இருப்பது ஒரே ஒரு சங்கதி: மெஷின் பழுதானால் மாற்று மெஷின் வந்துசேர ஆகும் நேரம். கீழே கால் மணியில் மண்டல அலுவலர் ரிசர்வ் மெஷினோடு வந்து நிற்பார். இங்கே அவருடைய ஜீப் நாலைந்து ஹட்டிகளையும் (படுகர் ஊர்கள்) இரண்டு எஸ்டேட்டையும் சுற்றியாக வேண்டும். பனி இறங்கிவிட்டால் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கே தெரியாது. கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகெவி மாதிரி ஊர்களுக்குக் குதிரை முதுகில்தான் மெஷின் போயிருக்கிறது. அதனால் மலைப் பூத்தில் காலை ஐந்தரை மணிக்கு எடுத்துக்கொள்ளும் கவனம்தான் அந்த நாள் முழுவதற்கும் காவல்.

முதல் நாளிலிருந்தே தொடங்குவோம். பொருள் வாங்கும் மையத்தில் கூட்டத்தில் இடித்துக்கொண்டு சாக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிடாதீர்கள். மெஷின் பெட்டியில் கட்டியிருக்கும் அட்டையில் உள்ள தொகுதி எண்ணும் பூத் எண்ணும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். கட்டுப்பாட்டுக் கருவி (அலுவலர் இயக்குவது), வாக்குப்பதிவுக் கருவி (வாக்காளர் பட்டன் அழுத்துவது), விவிபாட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டுவது) மூன்றின் எண்ணையும் கொடுத்த பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். வேட்பாளர் 15 பேரைத் தாண்டினால் நோட்டாவையும் சேர்த்து ஒரு வாக்குப்பதிவுக் கருவி போதாது. ஒன்றில் 16 பட்டன்தான். இரண்டு வாங்க வேண்டிய இடத்தில் ஒன்றை வாங்கி வந்தால் கதை கந்தல். மெஷினுக்கு சீல் வைக்கும் பச்சைத் தாள் முத்திரை, ஸ்டிரிப் சீல், ஸ்பெஷல் டேக் எண்களை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். வாக்காளர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டின் பக்கங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா, அழியாத மை குப்பி கசிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். விவிபாட்டை மட்டும் அங்கே ஓட்டிப் பார்க்கக் கூடாது. அதன் பின்பக்கத் திருகு படுக்கையாக, அதாவது பயண நிலையிலேயே, பூத் வரைக்கும் வர வேண்டும். கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசி வளைவில் பெட்டி உருளும்போது உள்ளே காகிதச் சுருளைப் பிடித்து வைத்திருப்பது அந்தத் திருகுதான்.

பட்டியலில் இல்லாத சில சாமான்களையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய பிளாஸ்டிக் தாள் ஒன்று, கோடை மழைக்கு. கைவிளக்கு இரண்டு. பழைய துணி. ஒரு சின்ன டப்பா நிறைய மணல். பாலித்தீன் பையில் சுற்றிய தீப்பெட்டி இரண்டு. மணலும் தீப்பெட்டியும் எதற்கு என்று சிரிக்கிறவர்களுக்குப் பின்னால் பதில் வருகிறது.

பூத்துக்குப் போனதும் இடம் போடுவது அடுத்த வேலை. மலைப் பள்ளிக்கூடங்களில் குளிருக்காக வெயில் விழும் ஜன்னலோரமாகவே மேஜை போட்டிருப்பார்கள். ஓட்டு மறைவிடத்தை அங்கே வைக்காதீர்கள். ஒன்று, வெளியிலிருந்து எட்டிப் பார்க்கலாம். இரண்டு, விவிபாட்டுக்கு நேர் வெளிச்சம் ஆகாது. அதன் உள்ளே இருக்கும் சென்சார்கள் வெளிச்சத்தில் தடுமாறிப் பிழை காட்டும். 2018இல் உத்தரப்பிரதேசத்துக் கைரானா இடைத்தேர்தலில் விவிபாட்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டபோது அதிக வெளிச்சமும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தலைக்கு மேல் குண்டு பல்பு இருந்தாலும் மேஜையைத் தள்ளிப் போடுங்கள். ஓடு ஒழுகும் இடம் எது என்று பள்ளிக்கூடத்து ஆயாவைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார். அதிகாரிகளைவிட அவருக்குத்தான் தெரியும். வயர் 5 மீட்டர் நீளம். மேஜைக்குப் பின்பக்கமாக, யார் காலிலும் சிக்காமல் போக வேண்டும். இரவிலேயே வயரை மாட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மெஷினைத் திறப்பதெல்லாம் ஏஜென்ட்கள் முன்னால்தான்.

மாதிரி வாக்குப்பதிவு, ஓட்டு தொடங்குவதற்கு 90 நிமிஷம் முன்னால். 7 மணிக்கு ஓட்டு என்றால் ஐந்தரைக்கு. ஏஜென்ட் வரவில்லையென்றால் 15 நிமிஷம் பார்க்கலாம், பிறகு தொடங்கிவிட வேண்டும். எஸ்டேட் பக்கத்தில் அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, யானை நடமாட்டம் வேறு. ஏஜென்ட்களை அதே ஊர்க்காரர்களாகப் போடச் சொல்லி முதல் நாளே கட்சிக்காரர்கள் காதில் போட்டுவையுங்கள்.

இணைக்கும் வரிசை இதுதான்: வாக்குப்பதிவுக் கருவியிலிருந்து வயர் விவிபாட்டுக்கு, விவிபாட்டிலிருந்து கட்டுப்பாட்டுக் கருவிக்கு. கட்டுப்பாட்டுக் கருவி அணைந்திருக்கும்போதுதான் எந்த வயரையும் மாட்டலாம், கழற்றலாம். மாட்டியதும் விவிபாட்டின் பின்பக்கத் திருகை நேராக நிறுத்தி வேலை நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகுதான் சுவிட்ச். திருகை மறந்துவிட்டு சுவிட்சைப் போட்டு, பிழை வந்ததும் "மெஷின் போச்சு" என்று போனை எடுப்பவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. மெஷின் நன்றாகத்தான் இருக்கும்.

பெட்டி காலி, எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டிவிட்டு, நோட்டா உட்பட எல்லா பட்டனுக்கும் சேர்த்துக் குறைந்தது 50 ஓட்டுப் போடச் செய்யுங்கள். யார் எதற்குப் போட்டார் என்று ஒரு தாளில் கோடு போட்டு வைப்பது அவசியம். பிறகு கட்டுப்பாட்டுக் கருவியில் குளோஸ், ரிசல்ட் பட்டன்கள். மெஷின் காட்டும் எண்ணிக்கையும் விவிபாட்டில் விழுந்த சீட்டுகளும் தாளில் உள்ள கோடுகளும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனதும் கிளியர். குளோஸ், ரிசல்ட், கிளியர் என்று மூன்றையும் மந்திரம்போல மனசில் உருட்டிக்கொள்ளுங்கள். வரிசை தப்பி அழுத்தினால் மெஷின் 'இன்வேலிட்' என்று காட்டும், அது பழுதில்லை.

இங்கேதான் ஆகப்பெரிய தவறு நடக்கிறது. மணி ஆறே முக்கால், வெளியே மப்ளரும் குல்லாவுமாக வரிசை நிற்கிறது, அந்தப் பரபரப்பில் கிளியர் அழுத்தாமலே சீல் வைத்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் கிளியர் அழுத்திவிட்டு விவிபாட்டுக்குள் கிடக்கும் மாதிரிச் சீட்டுகளை எடுக்க மறந்துவிடுகிறார்கள். இரண்டும் எண்ணும் நாளில்தான் வெளிச்சத்துக்கு வரும். அந்த பூத்தை ஒதுக்கி வைத்து, வெற்றி வித்தியாசத்தைப் பார்த்துச் சீட்டை எண்ண வேண்டிய நிலை வரும். மாதிரிச் சீட்டுகள் ஒவ்வொன்றின் முதுகிலும் மாதிரி வாக்கு முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு, அரக்கு வைத்து, அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து இளஞ்சிவப்புத் தாள் முத்திரை ஒட்ட வேண்டும். ஏஜென்ட்கள் கையெழுத்தும் வேண்டும். விவிபாட் சீட்டுப்பெட்டி காலியென்று எல்லோருக்கும் காட்டிய பிறகே அதற்கு சீல்.

தீப்பெட்டிக்கு வருவோம். காலை ஆறு மணிக்குக் கோத்தகிரிப் பக்கத்து ஈரக்காற்றில் சட்டைப்பையில் இருந்த தீப்பெட்டி உரசினால் நமுத்துப்போய் மருந்து மட்டும் உதிரும். மெழுகுவத்தி எரியவில்லையென்றால் அரக்கு உருகாது, அரக்கு உருகாவிட்டால் முத்திரை இல்லை. கதவைச் சாத்திவிட்டு, மேஜைக்குக் கீழே காற்றுப்படாமல் மெழுகுவத்தியை வைத்து அரக்கை உருக்குங்கள். பித்தளை முத்திரையை அரக்கு பாதி இறுகும்போது அழுத்த வேண்டும். குளிரில் அரக்கு சட்டென்று இறுகிவிடுவதால் ஒருவர் உருக்க, இன்னொருவர் முத்திரையைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு நிற்பது நல்லது. ஸ்டிரிப் சீலும் ஈரக் கையோடு தொட்டால் பிடிக்காது. பச்சைத் தாள் முத்திரை கிழிந்துவிட்டால் பதறாமல் இன்னொன்றைப் போடுங்கள்; கிழிந்ததன் எண்ணையும் கணக்கில் காட்டியாக வேண்டும், அதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஓட்டுப்பதிவில் முதல் அலுவலரின் வேலையை எல்லோரும் லேசாக நினைக்கிறார்கள். மலையில் அதுதான் கஷ்டமான நாற்காலி. ஒரே ஹட்டியில் ஜோகி நாலு பேர், போஜன் ஆறு பேர், பெள்ளி எத்தனை என்று கேட்காதீர்கள். பேரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால் தப்பான ஆள் பேரில் கோடு விழுந்துவிடும். பிறகு சரியான ஆள் வந்து நிற்பார். வரிசை எண், பேர், தகப்பன் அல்லது கணவன் பேர், வயசு நாலையும் சத்தமாகப் படியுங்கள். ஏஜென்ட் காதில் விழ வேண்டும். குல்லாவையும் மப்ளரையும் இறக்கச் சொல்லி முகத்தையும் படத்தையும் பார்க்கத் தயங்காதீர்கள். "அம்மா, மூஞ்சிய ஒருக்கா காட்டுங்க" என்று தன்மையாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பட்டியலில் சிவப்பு மையில் கோடு. பெண் வாக்காளர் என்றால் அதோடு தனி அடையாளம். சாயங்காலம் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கேட்கும்போது அதுதான் கை கொடுக்கும்.

வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், நூறுநாள் வேலை அட்டை, படம் ஒட்டிய பாஸ்புக், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட் என ஆணையம் அனுமதித்த ஆவணங்களில் ஒன்று போதும். பூத் சிலிப் மட்டும் செல்லாது, 2019இலிருந்தே செல்லாது. எஸ்டேட் லயத்திலிருந்து சிலிப்பை மட்டும் கையில் சுருட்டிக்கொண்டு இரண்டு மைல் நடந்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது பாவம். முதல் நாளே கங்காணியிடமும் பூத் நிலை அலுவலரிடமும் சொல்லிவைத்தால் அந்தப் பாவம் சேராது. ஓட்டு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவு. தினக்கூலிக்குக் கொழுந்து பறிப்பவருக்கும் அது உண்டு. பல தொழிலாளிகளுக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் கேட்பதில்லை.

இரண்டாம் அலுவலரிடம் மை. குப்பி மேஜையில் உருண்டு கொட்டினால் அன்றைய பிழைப்பு போச்சு. டப்பாவில் மணல் நிரப்பி, குப்பியை முக்கால் பாகம் அதற்குள் செருகி வைப்பதுதான் கையேடு சொல்லும் வழி. சமவெளியில் மணல் வாசலிலேயே கிடக்கும். இங்கே பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் களிமண்ணும் தேயிலைத் தூரும்தான். அதற்காகத்தான் பையில் ஒரு டப்பா மணல். இடது ஆள்காட்டி விரலில் நகத்தின் மேலிருந்து முதல் கணு வரைக்கும் கோடு. பறிக்கிறவர்கள் விரலில் தேயிலைக் கறை ஏறியிருக்கும், குளிருக்குத் தேங்காய் எண்ணெயும் தடவியிருப்பார்கள். துணியால் துடைத்த பிறகே மை வையுங்கள். ஈரக்காற்றில் மை காயத் தாமதமாகும். ஓட்டுப் போட அனுப்புமுன் மூன்றாம் அலுவலர் விரலை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். 17ஏ பதிவேட்டில் வேறு ஆவணம் காட்டியவருக்கு அதன் கடைசி நாலு இலக்கத்தை எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வாங்குவதும் இதே நாற்காலிதான்.

மூன்றாம் அலுவலர் கட்டுப்பாட்டுக் கருவியில் பேலட் பட்டனை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும். வாக்காளர் பட்டனை அழுத்தினால் விவிபாட் ஜன்னலில் 7 வினாடி சீட்டு தெரியும், பிறகு பீப். சிலர் பீப் வருவதற்குள் வெளியே வந்துவிடுவார்கள். சிலர் உள்ளே போய்விட்டு மனசு மாறி ஓட்டே போடாமல் கிளம்பிவிடுவார்கள். பேலட் கொடுத்தாகிவிட்டது, ஆள் போய்விட்டார் என்றால் மெஷினைத் தொடாதீர்கள். 17ஏவில் அவர் பேருக்கு எதிரே குறிப்பு எழுதிவிட்டு, அடுத்த வாக்காளரை நேராக உள்ளே அனுப்புங்கள். போடாமல் போனவரே கடைசி வாக்காளராக இருந்துவிட்டால் கட்டுப்பாட்டுக் கருவியை அணைத்து, விவிபாட் வயரைக் கழற்றிவிட்டு சுவிட்சைத் திரும்பப் போட்டால் சிவப்பு விளக்கு போய்விடும். சிவப்பு எரிகிறபோது குளோஸ் வேலை செய்யாது.

ஒருவர் பேரில் யாரோ முன்னாலேயே போட்டுவிட்டுப் போயிருந்தால், உண்மையான ஆள் என்று தெளிந்தபின் டெண்டர் ஓட்டுச் சீட்டு (காகித வாக்குச்சீட்டு) கொடுக்க வேண்டும், மெஷினில் விடக் கூடாது. ஏஜென்ட் ஒருவர் ஆளையே மறுத்தால் அது சேலஞ்ச் ஓட்டு. 2 ரூபாய் கட்ட வேண்டும். அந்த 2 ரூபாயைக் கேட்டதுமே பாதி சேலஞ்ச் காணாமல் போய்விடும். "நான் அழுத்தினது ஒண்ணு, சீட்டுல வந்தது ஒண்ணு" என்று யாராவது சொன்னால், பொய் என்றால் தண்டனை உண்டு என்று விளக்கி, எழுதி வாங்கிக்கொண்டு, ஏஜென்ட்கள் முன்னால் சோதனை ஓட்டுப் போடச் சொல்லலாம். அவர் சொன்னது உண்மையென்று தெரிந்தால் ஓட்டுப்பதிவை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

இனி பழுது. 'லிங்க் எரர்' வந்தால் பெரும்பாலும் வயர் முனை சரியாக உட்காரவில்லை. அணைத்துவிட்டு மாட்டிப் பாருங்கள். 'பிரஸ்டு எரர்' என்றால் ஏதோ ஒரு பட்டன் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. விவிபாட் பேட்டரி குறைந்தால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். இதற்கெல்லாம் அடங்காவிட்டால் எதை மாற்றுவது என்பதில்தான் குழப்பம் வரும். மாதிரி வாக்குப்பதிவின்போது எது பழுதோ அதை மட்டும் மாற்றலாம். நிஜ ஓட்டு தொடங்கிய பின் விவிபாட் மட்டும் பழுதென்றால் விவிபாட் மட்டும் மாறும். மாதிரி ஓட்டு வேண்டாம். ஆனால் கட்டுப்பாட்டுக் கருவியோ வாக்குப்பதிவுக் கருவியோ போனால் மூன்றையும் சேர்த்து மாற்றி, நோட்டா உட்பட ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டு வீதம் மாதிரி போட்டு, அழித்து, சீல் வைத்து மீண்டும் தொடங்க வேண்டும். மலையில் இது ஒன்றரை மணி நேரத்தை விழுங்கிவிடும். அதனால் மண்டல அலுவலரிடம் போனில் "மெஷின் வேலை செய்யல" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். திரையில் என்ன வாசகம், எந்தக் கருவி, எத்தனையாவது ஓட்டு என்று சொன்னால் அவர் சரியான பெட்டியோடு வருவார். சிக்னல் இல்லாத பூத்தில் காவலர் அல்லது வனத்துறையின் வயர்லெஸ்தான் வழி. எங்கே ஏறி நின்றால் போன் எடுக்கும் என்பதை முதல் நாள் மாலையே கண்டுபிடித்து வையுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மெஷினின் டோட்டல் பட்டனை அழுத்தி 17ஏ எண்ணிக்கையோடு ஒத்துப் பாருங்கள். ஒன்று இரண்டு வித்தியாசத்தை அப்போதே பிடித்தால் காரணம் நினைவிருக்கும். சாயங்காலம் வரை விட்டால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முடியும் நேரத்தில் வரிசை நீளமாக இருந்தால், கையெழுத்திட்ட சீட்டைக் கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொடுங்கள். முன்னாலிருந்து கொடுத்துக்கொண்டு போனால் வால் வளர்ந்துகொண்டே போகும். கடைசி ஓட்டு விழுந்ததும் குளோஸ். இதை மறந்து அணைத்துவிட்டுப் பெட்டியில் வைப்பவர்களும் உண்டு. பிறகு சுவிட்சை அணைத்து, வயரைக் கழற்றி, விவிபாட் பேட்டரியை வெளியே எடுத்து, பின்பக்கத் திருகைப் பழையபடி படுக்கையாக்கி, பெட்டிகளுக்கு அட்டை கட்டி அரக்கு வையுங்கள். பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் நகலை ஏஜென்ட்களிடம் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். ஏஜென்ட்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தத் தாளை வாங்காமல் போகாதீர்கள், எண்ணும் இடத்தில் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

திரும்பும் வழியில் வண்டியில் பெட்டியை விட்டு இறங்கக் கூடாது, டீக்குக்கூட. முதுமலை வழியாக வர வேண்டிய குழுக்கள் இரவுப் போக்குவரத்துத் தடை நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு, வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒப்படைக்கும் மையத்தில் நடுநிசிக்கு மேல் வரிசையில் நிற்கும்போதுதான் பலருக்கு உறைக்கும்: 17சியையும் தலைமை அலுவலரின் நாட்குறிப்பையும் மெஷின் பெட்டிக்குள்ளேயே வைத்து சீல் போட்டாகிவிட்டது என்று. அவை இரண்டும் பெட்டிக்கு வெளியே, தனி உறையில், உங்கள் கையில் இருக்க வேண்டும். கவுன்டரில் முதலில் கேட்பதே அதைத்தான்.